தப்பான கட்டரை எடுத்தால் நின்றுவிடும்

ஹாஷிமின் அப்பாவுக்கு,

வெங்காயம் அடைத்த வாத்து அடுப்பின்மேல் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடுங்கள். நான் ராஸ் எல்-பர்ரில் தங்கை வீட்டுக்குப் போகிறேன். உங்கள்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிது.

தீட்டிய கட்டர்களை மரம் செதுக்கும் மெஷினில் கைபோன குழியில் செருகிவிட்டு, "உன் சி.என்.சி-க்குக் கண்ணு தெரியல"ன்னு கத்தினீர்களே, நிஜம்தான். எந்தக் குழி என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும், அதில் எந்தக் கட்டர் இருக்கிறது என்பது தெரியாது. அதனால்தான் ரோஜா பூக்கவேண்டிய கட்டில் பலகையில் பள்ளம் விழுந்தது. நான் புரோகிராமை மாற்றி எழுதிவிட்டேன். இப்போது கட்டரை மாற்றியதும் அது நேரே மரத்துக்குப் போகாது. முதலில் சென்சாரைத் தொட்டு நீளம் பார்க்கும், ஒத்துவராவிட்டால் சிவப்பு விளக்கைப் போட்டு நின்றுவிடும். காலையில் வேண்டுமென்றே இரண்டை இடம் மாற்றிவைத்தேன். நின்றதே! தனியாகக் கைதட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் உங்கள் அண்ணன் மெத்வல்லி வருவார். "ஆடுற பல்லைத் துப்புற மாதிரி கட்டரைத் துப்பிடும், பாரு"ன்னு சந்தை முழுக்கச் சொல்லிச் சிரித்தவர். அவர் கையாலேயே கட்டர்களைக் கலைத்துவைக்கச் சொல்லுங்கள். பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டுப் பேசாமல் நில்லுங்கள், மெஷின் பேசட்டும்.

கம்ப்ரஸரை முதலில் போடுங்கள். காற்று இல்லாவிட்டால் கட்டரைக் கவ்வும் பிடி திறக்காது.

சென்சார்மேல் டீ கிளாஸ் வைக்காதீர்கள்!

இன்னொன்று. யார் செய்தது என்று அண்ணன் கேட்டால், போன தடவை மாதிரி "நாங்கதான் செஞ்சோம்"னு சொல்லாதீர்கள். 'ஹாஷிமோட அம்மா' என்றும் வேண்டாம். நக்லா என்று சொல்லுங்கள்.