விளக்கு யாருக்கு?

எடமலைப்பட்டி புதூர்,
ஞாயிறு.

அன்பு மகன் பிரவீன்ராஜுக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் சுகர்தான் சொன்ன பேச்சு கேட்பதில்லை, தோஹா வெயிலில் நீ எப்படி இருக்கிறாய். போனில் பேசினால் பாதியிலேயே புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி.

நீங்கள் எல்லாம் பந்து விளையாடிய மைதானத்தில் குப்பை பிரிக்கும் கொட்டகை போட நம்ம கவுன்சிலருக்கு ஆசை. நம்ம தெரு அன்பிய ஜெபக் கூட்டத்துக்கு வந்தவர், நீங்கள் மறுக்காமல் இருந்தால் மாதா கெபி முன்னால் ஹைமாஸ் விளக்கு போட்டுத் தருகிறேன், உங்களுக்கு மட்டும்தான், வெளியே சொல்லாதீர்கள் என்றார். எல்லோருக்கும் வாயெல்லாம் பல். மறுநாள் முட்டை எடுக்க வந்த பிரியாணிக் கடை அப்துல் மாலிக் பாய், பள்ளிவாசல் முன்னால பெரிய விளக்கு வருதுக்கா, ரகசியம் என்றார். அவர் முட்டை அட்டையை வண்டியில் கட்டி முடிப்பதற்குள் மாரியம்மன் கோயில் சின்னையா அண்ணன் வந்து அதே விளக்கை அதே ரகசியமாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இத்தனை வருஷம் முட்டை விற்கிறேன், ஒரே முட்டையை மூணு பேருக்கு விற்கிற வித்தை எனக்கு வரலையே என்று இரண்டு பேரிடமும் விஷயத்தை உடைத்தேன்.

கவுன்சிலர் நடத்தின பகுதி சபைக் கூட்டத்துக்கு கெபித் தெரு, பள்ளிவாசல் தெரு, கோயில் தெரு என்று மூன்று தெருவும் ஒன்றாகப் போனோம். விளக்கு யாருக்குங்க என்று நான்தான் எழுந்து கேட்டேன். எல்லாருக்கும்தான் என்று மழுப்பினார். அப்ப எங்க மூணு தெருவுக்கும் நடுவுல இருக்கிறது மைதானம்தானே, அங்கேயே நடுங்க என்றார் சின்னையா அண்ணன். மண்டபமே சிரித்தது. கொட்டகை வேண்டாம் என்று அத்தனை பேரும் கை தூக்கினோம்.

அதற்குத்தான் இப்போது, ரோட்டில் லாரி நிறுத்தி முட்டை இறக்குகிறேனாம், அதனால் கடை லைசென்ஸைப் புதுப்பிக்க விடமாட்டேன் என்று கவுன்சிலர் மிரட்டல். நான் மசியவில்லை என்றதும் உனக்குப் போன் போட்டிருக்கிறார். அம்மாவை ஒதுங்கச் சொல் என்று அவர் சொன்னதை அப்படியே நீ எனக்குச் சொன்னாய் பார், அதுதான் ஆத்திரம். லைசென்ஸ் தராவிட்டால் கோர்ட்டுக்குப் போவேன். கடைக்குப் பூட்டுப் போட்டால் சைக்கிளில் அட்டை கட்டி விற்பேன், அப்படித்தான் ஆரம்பித்தேன். கொட்டகைக்குக் குழி தோண்ட ஆள் வந்தால் மூன்று தெருவும் நாற்காலி போட்டு உட்காருவதென்று முடிவு, டீ மாலிக் பாய் பொறுப்பு.

வேளைக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உனக்குத் துணை இருப்பாள். முக்கியமாக ஒன்று, அவர் மறுபடி கூப்பிட்டால் அம்மா கடையில்தான் இருக்கிறார், நேரில் பேசுங்கள் என்று சொல்லி வைத்துவிடு. என் சார்பில் நீ யாரிடமும் மன்னிப்புக் கேட்கக்கூடாது.

உன் அம்மா,
முட்டைக் கடை செல்வமேரி