குகைக்குள் அடித்த கூடாரம்

மகளின் போன் விளையாட்டில் ஒரு வீரன் அடிபட்டு விழப்போனான். சண்டை முடிந்ததும் அவன் காயமெல்லாம் தானாகவே ஆறிவிட்டது. "அப்பா, உங்க காலத்துல இதுக்குக் கூடாரம் அடிச்சுத் தூங்கணுமாமே?" என்று அவள் சிரித்தாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பாவம், அவளுக்கு உன்னைத் தெரியாது மச்சான்.

யுத்த காலத்துக் கண்டியில், அந்த மாடிக் கொம்பியூட்டர் வகுப்புக்கு நாம் இருவரும் வாத்திமார். நான் பன்விலவிலிருந்து பஸ்ஸில் வருவேன். நீ யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கெலிஓயாவில் அறை எடுத்திருந்தாய். பிள்ளைகள் வராத மத்தியானங்களில் ஒரே கதிரையில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து அந்த விளையாட்டை ஆடுவோம். நம் ஆட்கள் நால்வர். ஒருவர் அடித்து முடித்தபின்தான் அடுத்தவருக்கு முறை வரும். வாள்காரர்கள் உன் பொறுப்பு, மந்திரவாதியும் வைத்தியக்காரியும் என் பொறுப்பு. ஆட்டத்தைச் சேமிக்க ஊர்ச் சத்திரத்துக்குத் திரும்ப வேண்டும். குகைக்குள் செத்தால் பட்ட பாடெல்லாம் போச்சு.

நான் பயந்தாங்கொள்ளி. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் கூடாரம் அடித்து, எல்லாரையும் தூங்கவைத்து, மந்திரத்தை நிரப்பினால்தான் எனக்கு மூச்சு வரும். "சும்மா சும்மா படுக்காதையடா. படுத்தாத்தான் வருவாங்கள்" என்பாய். தூங்கும்போது பூதங்கள் வந்து வளைப்பதைத்தான் சொல்கிறாய் என்று நினைத்தேன். அந்த மாதத்தில் மட்டும் பொலிஸார் மூன்று தடவை உன்னை நித்திரையில் தட்டியெழுப்பி அறையைச் சோதனை போட்டிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

வடக்கிலிருந்து வந்து தங்குகிற தமிழருக்குக் கட்டாயமான பொலிஸ் பதிவுக்கு அன்று உனக்குக் கடைசி நாள். நாலு மணிக்குள் போய்ப் புதுப்பிக்காவிட்டால் நீ பதிவில்லாத ஆள். எங்கே கண்டாலும் பிடிப்பார்கள். மூன்று மணிக்கு எழும்பினாய். மூன்று கிழமை பாடுபட்டுக் குகையின் அடிவரைக்கும் வந்திருந்தோம். நீ சேர்ட்டைச் சரிசெய்கிற இடைவெளியில் நான் கூடாரத்தை அடித்தேன். வந்தது பார் ஒரு மலைப்பூதம்! வெட்ட வெட்ட, தன் முறை வரும்போதெல்லாம் அது காயத்தை ஆற்றிக்கொண்டது.

"எல்லாம் உன்ர வேலை! நீயே சமாளி, நான் போயிட்டு வாறன்."

"ஐயோ மச்சான், நீ இல்லாட்டி எல்லாரும் செத்துருவாங்கடா. இன்னும் ரெண்டே சுத்து!"

திட்டிக்கொண்டே உட்கார்ந்தாய். இரண்டு சுற்று பத்தாகியது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நேரம் என்னடா?" என்று கேட்டாய். என் கை மணிக்கூட்டைப் பார்த்தேன். மூன்று நாற்பது.

"மூணு பத்துதான்" என்றேன்.

பூதம் செத்தது. நீ ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பதிவு மேசையை மூடிவிட்டார்கள். அன்று மாலையே கெலிஓயா பஸ்ஸிலிருந்து உன்னை இறக்கிக் கொண்டுபோனார்கள். பதினொரு நாள். ஒவ்வொரு நாளும் அந்தப் பொலிஸ் வாசலில் போய் நின்றேன். உள்ளே உன்னை என்ன செய்கிறார்களோ என்று சோறு இறங்கவில்லை. "என்னதான்டா நடந்துச்சு?" என்று அம்மா கேட்டபோது, "பதிவு பிந்திப்போச்சாம்" என்றேன்.

நீ வெளியே வந்தபோது உன் இடது காது கேட்கவில்லை. தேத்தண்ணிக் கடையில் வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு, "உன்ர மணிக்கூடு பிந்தி ஓடுது போல கிடக்கு. ஒருக்கா திருத்தக் குடு" என்றாய்.

"சரி மச்சான், குடுக்கிறேன்" என்றேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நீ கனடாவுக்குப் போனபின் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் போனில் பேசினோம், அப்போதாவது சொல்லியிருக்கலாம். உனக்குத் தெரிந்தேதான் அப்படிச் சொன்னாயோ என்று சில நாள் தோன்றும். கேட்கப் பயம். போன மாதம் உன் மனைவி போன் எடுத்து, நீ போய்விட்டாய் என்று அழுதார்.

மணிக்கூடு ஒழுங்காகத்தான் ஓடியது மச்சான். நான் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.