ஜன்னலில் வைத்த கேஸ்கட்

மச்சான்,

நேற்று செம்மண்டலத்தில் உன் மகள் வீட்டுக்குள் நுழையும்போதே சோளம் பொரியும் வாசனை. அடுப்பில் குக்கர். மூடியைப் பூட்டாமல் மேலே சும்மா வைத்திருந்தாள். கேஸ்கட்டும் வெயிட்டும் ஜன்னலில் இருந்தன.

"ரெண்டையும் கழட்டி ஜன்னல்ல வெச்சாதான் அப்பா அடுப்பையே பத்த வெக்க விடுவாரு மாமா. ஏன்னு கேட்டா பேச்ச மாத்திடுவாரு," என்றாள்.

அவளுக்கு நினைவிருக்க வழியில்லை. அப்போது மழலைகூட மாறவில்லை.

கிள்ளையில் பத்திரிகைக்குச் செய்தி சேகரித்துவிட்டு, அண்ணாமலை நகரில் உன் குவார்ட்டர்சுக்கு வந்திருந்தேன். வேதியியல் வாத்தியாரான உனக்கு வீட்டிலும் வகுப்பு முடியாது. அடுப்பை ஒட்டி, சமையல் மேடையில் மகள் உட்கார்ந்திருந்தாள். நீ ஒரு சோளமணியை என் முன் நீட்டினாய். உள்ளே கொஞ்சம் ஈரம் இருக்கிறது. சூடேறினால் ஆவியாகும். தோல் கெட்டி என்பதால் வெளியேற முடியாமல் முட்டும். மாவுச்சத்து கூழாக இளகும். தோல் தாங்காமல் வெடிக்கும்போது கூழ் நுரைத்து, அப்படியே ஆறிப் பூவாக நின்றுவிடும். தோலில் கீறல் இருந்தால் ஆவி கசிந்து, மணி வெடிக்காது.

இதைச் சொல்லிக்கொண்டே, சோறு வைக்கும் பழக்கத்தில், கேஸ்கட்டோடு மூடியைப் பூட்டி வெயிட்டையும் போட்டுவிட்டாய்.

பொரியும் சத்தம் மந்தமாகக் கேட்டது, பிறகு நின்றது. கதவருகில் நின்ற தங்கச்சி, உன் மனைவி, கேட்டாள்: "பாடம் எடுத்தது போதும். விசில் ஏன் வரல?"

நீ பேச்சை நிறுத்தினாய். ஒவ்வொரு மணியும் விட்ட ஆவி உள்ளேயே சேர்ந்திருந்தது. வெயிட் அசையவில்லை. துளை அடைத்திருக்கிறது. இப்போது குக்கரே ஒரு பெரிய சோளமணி.

அடுப்பை அணைத்தாய். அணைத்ததும் ஆவி அடங்கிவிடாது என்பது உனக்குத் தெரியும். மகளின் கால் குக்கர் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. பாய்ந்து வந்த தங்கச்சியைக் கையால் தடுத்தாய்.

"அவசரப்படாத. அவ பயந்து எட்டி ஒதச்சான்னா போச்சு."

மகளிடம் திரும்பியபோது உன் குரல் கதை சொல்லும் குரலாகிவிட்டது. "கண்ணு, அப்பா தோளப் புடிச்சிக்க."

"பொரி வரட்டும்."

"மாமா கடையிலேர்ந்து வாங்கியாந்திருக்காரு. ஹால்ல இருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் வெறுங்கையோடு நின்றிருந்தேன். "ஆமாம்மா, நெறைய இருக்கு," என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு உன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

எல்லோரும் வெளியே வந்து நின்றோம். குக்கர் ஆறும்வரை மகளை நீ கீழே இறக்கிவிடவில்லை. உள்ளே எதுவும் வெடிக்கவில்லை. நன்றாக ஆறிய பிறகு நீ மட்டும் போய்த் திறந்தாய். ஆவித் துளையில் நகத்தளவு பொரி ஒன்று செருகியிருந்தது. அதற்குள் உன் மகள், மாமா பொய் சொல்லிவிட்டார் என்று அழ ஆரம்பித்திருந்தாள். நான் கடைக்கு ஓடினேன்.

நீ சொல்லாததை நேற்று நானும் சொல்லவில்லை. ஆவி போக வழி வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, பையிலிருந்த பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன்.

சிரித்தாள். "நான்தான் பொரிக்கிறேனே. எப்ப வந்தாலும் ஏன் மாமா பொரி வாங்கியாறீங்க?"