கூடத்துப் படத்தில் இருக்கும் குழந்தை

ஆவணி 20, வெள்ளி. இரவு.

இன்று கரமனையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு வெளியாரிடம் பேசியே பழக்கமில்லை. முன்பு வந்தவர்கள், பெண் ஊமையோ என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இன்றும் அப்படி ஆகிவிட்டால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்று காலையிலிருந்தே பயம்.

நமஸ்காரம் பண்ணிவிட்டுத் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பிள்ளையின் அம்மா கூடத்துச் சுவரில் இருக்கும் பழைய எண்ணெய்ச் சாயப் படத்தைக் காட்டினாள். பட்டுப் பாவாடை, தாழம்பூ வைத்துப் பின்னிய சடை, தூக்கத்திலிருந்து பாதி எழுந்தது போன்ற கண்கள்.

"மூக்கு அப்படியே ஒன்னோடதுதான். இந்தப் பொண்ணு ஆராக்கும், கொழந்தே?"

அப்பா வாயெடுப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன். "பொண்ணில்லை மாமி. எங்க தாத்தா. கொழந்தையில முடியிறக்கறதுக்கு முன்னாடி சிங்காரிச்சு வரைஞ்சது."

மாமி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். "பேஷா பேசறாளே. எங்காத்துலயும் இப்படி ஒரு போட்டோ இருக்கு. இதோ மீசையோட ஒக்காந்திருக்கானே, இவன்தான் அதுல பாவாடை கட்டிண்டு நிக்கறான்."

"அம்மா, போறும்" என்றார் அவர். குரலில் அத்தனை வெட்கம். என்னைப் போலவே ஒருவர் என்று தோன்றித்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

சம்மதம் என்று சொல்லிவிட்டே போனார்கள். கண்ணை மூடினால் அவர் முகம் வருகிறது, நான் பார்க்காத அந்தப் போட்டோவில் இருப்பது போல. மீசை இல்லை. கண்ணில் மை. சடையை முன்னால் போட்டுக்கொண்டு நாற்காலியைப் பிடித்தபடி நிற்கிறார். தலை பின்னும்போது வலித்திருக்குமோ, அழுதிருப்பாரோ, அழாமல் நின்றிருப்பாரோ? ஒருநாள் அவரிடமே கேட்டுவிட வேண்டும்.