லேயாவுக்கு அனுப்பிய வெள்ளைப் பொடி

ப்ராலி,
பிப்ரவரி 20

அன்பு மகள் நோயெமிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், அப்பாவின் இருமல் மட்டும் பனியோடு கூடிக் குறைகிறது. மொந்தேவிதேயோ வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி லேயாவும் சுகமாக இருக்கக் கர்த்தர் அருளட்டும். நம் சபைக்கு விடுதலை கிடைத்த பதினேழாம் தேதியை நினைத்து முந்தின இரவு ஊரில் மூட்டும் தீயைப் பார்க்க அப்பாவைச் சால்வை சுற்றி அழைத்துப் போனேன், புகை ஆகவில்லை, பாதியிலேயே திரும்பிவிட்டோம்.

நான் அனுப்பிய டால்க் பொடியை லேயாவுக்குப் போட வேண்டாம் என்று உங்கள் டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருடம் நம்மூர் டால்க் சுரங்க வாசலில் மேசை போட்டுக் கல் தரம் பிரித்தவள் நான். நல்ல வெள்ளைக் கல் சோப்பு மாதிரி வழுக்கும், நார் ஓடியது வந்தால் கண் பார்க்கும் முன்பே கை தூக்கி எறிந்துவிடும். எங்கள் மேசையைத் தாண்டிய கல் எத்தனை ஊர் அழகிகளின் முகத்தில் ஏறியதோ! அப்படியொரு மிருது வேறெந்தக் கல்லுக்கு உண்டு? அங்கே வேலை பார்த்த எல்லாப் பெண்களையும் போல நானும் நல்லதாகப் பார்த்து ஏப்ரன் பையில் போட்டுவந்து, காபிக்கொட்டை அரைக்கும் மில்லில் அரைத்துத்தான் நீ குழந்தையாக இருந்தபோது உனக்குப் பூசினேன். லேயாவுக்கு அனுப்பியதும் அதே கல்தான்.

டாக்டர் வாயை அடைக்க, கல் சுத்தம் என்று ஒரு சீட்டு வாங்கி அனுப்பலாம் என்று, மிச்சமிருந்த துண்டை எடுத்துக்கொண்டு ஆலை ஆய்வுக்கூடத்தில் இருக்கும் சிமோனாவிடம் போனேன், பக்கத்து வீட்டு ரிபெத்தின் மகள்தான். அவள் வேலையைப் பார்க்க வேண்டுமே! டால்க் கிடக்கும் மலையில் சில இடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நாரும் கிடக்கும், நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும் சனியன். நான் விரலால் தேடியதை அவள் கண்ணுக்கே தெரியாத அளவில் தேடுகிறாள், அவள் பார்க்காமல் ஒரு மூட்டையும் வெளியே போகாதாம். நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டு, "கல்லு சுத்தம் அத்தை, உங்க விரலுக்கு மெடலே குடுக்கலாம்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த மூச்சிலேயே, "ஆனா பாப்பாவுக்குப் போடாதீங்க. எவ்வளவு சுத்தமா இருந்தாலும் தூசி தூசிதான், அந்தக் குட்டி நெஞ்சு தாங்காது. நீங்க முகத்துக்கு மெதுவா ஒத்திக்கிறது வேற கதை" என்றாள்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து அப்பாவிடம் சொன்னேன். முப்பது வருடம் உள்ளே கல் வெட்டியவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரம் ஆயிற்று. "அவ சொல்றது சரிதான் அல்மா. நானும் சுத்தமான கல்லைத்தான் வெட்டினேன். நீங்கள்லாம் வெளியில பூசினீங்க, நான் உள்ளுக்குள்ள பூசிக்கிட்டேன்" என்றார். இத்தனை வருடம் அந்த இருமலுக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தும், அதே பொடியைப் பேத்தியின் மூக்கருகே தட்டச் சொல்லியிருக்கிறேனே நோயெமி.

உன் டாக்டர் நல்லவர், நான் திட்டியதை அவரிடம் சொல்லிவைக்காதே. லேயாவைக் குளிப்பாட்டி மடிப்புகளில் ஈரம் போக ஒற்றி எடுத்தாலே போதும் என்றாள் சிமோனா. ஆனாலும் என் கல்லை விட்டுக்கொடுக்க மனமில்லை, அரைக்காத முழுக் கல் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். அவள் வளர்ந்ததும் கையில் கொடு, தடவிப் பார்க்கட்டும்.

கர்த்தரின் கரம் உங்கள் மூவர் மேலும் இருக்கட்டும். பொடி டப்பாவைத் திறக்காதே, மறந்துவிடாதே. அப்பாவுக்கு ஒரு ஆசை: லேயா தூங்கும்போது மூச்சு விடும் சத்தத்தைப் போனில் பதிந்து அனுப்புவாயாம், ஒரு தடவை கேட்க வேண்டுமாம்.

என்றும் உன் அம்மா,
அல்மா