சேஷு கொடுத்த சீசா

1934 ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை

இன்றும் ஜெயித்தோம். மத்தியானத்துக்கு மேல் நான் போட்ட பந்துகளை எதிர்க் கட்சிக்காரர்களால் தொடவே முடியவில்லை. அப்புறம் கிளப்பில் காப்பி குடிக்கும்போது, என் சிநேகிதன் சேஷு எல்லோர் முன்னாலும் ரகசியத்தைப் போட்டு உடைத்துவிட்டான்.

அவன் லஸ் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் இருக்கிறான். நான் சீக்கிரம் களைத்துப்போகிறேன் என்று போன வருஷம் அவன்தான் ஒரு மருந்துச் சீசாவைக் கொடுத்தான். ஆட்டு ஈரலின் சாரம், சீமைச் சரக்கு, ஆத்தில் யாரிடமும் மூச்சு விடாதே என்றான். மாட்சுக்கு மாட்ச் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். கை ஓயவேயில்லை.

"அதுல ஈரலும் இல்ல, ஒண்ணும் இல்லடா. சுக்கும் கருப்பட்டியும். எங்காத்து அடுப்புல நானே காய்ச்சினேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஈரல் என்று நம்பியே குடித்தவன் நான் என்பது இப்போது ஊருக்கே தெரியும்.

மாட்ச் நாட்களில் சந்தியாவந்தனம் செய்யக் கூசி விட்டுவிட்டேன். நேரே கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொள்வேன். ஏன் என்று கேட்ட அலமுவிடம், கட்டின பெண்டாட்டியிடம், வியர்வை என்று பொய் சொன்னேன். இதெல்லாம் சேஷுவுக்குத் தெரியும். அவனிடம் மட்டும்தான் சொல்லி அழுதிருக்கிறேன்.

"பலம் உன்னோடதுதான், சந்தோஷப்படேன்" என்கிறான்.

தோள் இப்போதே வலிக்கிறது. அடுத்த ஞாயிறும் மாட்ச். நிஜமான ஈரல் சாரம் எங்கே கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவன் கடையில் வாங்க மாட்டேன்.