அவள் வாசித்து முடிக்கட்டும்

அரியலூர்,
ஐப்பசி 12

அன்பு மகள் மணிமொழிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி முத்தமிழும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். ஆஸ்லோவில் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் நலமாக இருக்க வேண்டும். இங்கே விடாத மழை, குன்னத்தில் உன் சித்தி ஜானகி போட்ட வெங்காயம் வயலிலேயே அழுகிவிட்டது. நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

உன் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர் முத்தமிழிடம் பேசினாராம். ஆடியில் அம்மா இறந்ததிலிருந்து நீ பியானோவைத் தொடவில்லை, ஒத்துக்கொண்ட கச்சேரிகளையும் விட்டுவிட்டாய் என்றாராம். கருமாதியன்று சித்தி, "பெத்தவ உசுரு போறப்ப இவ மேடையில டொய்ங் டொய்ங்னு தட்டிக்கிட்டிருந்தாளாம்" என்று சொன்னது உன் காதுக்கும் வந்திருக்கும். நடந்தது இதுதான். அங்கே உன் பகல் கச்சேரி தொடங்கும் நேரத்தில், திருச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் கைவிரித்துவிட்டார். உன்னைக் கூப்பிட நான் போனை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப சொன்னா புள்ளைக்கு கை நடுங்கிடுங்க, வாசிச்சு முடிக்கட்டும்" என்றாள். நீ மேடையிலிருந்து இறங்குவதற்குள் போய்விட்டாள். மறுபடி அப்படி ஒரு மாலை வந்தாலும் அவள் சொன்னபடிதான் செய்வேன், வேறு மாதிரி எழுதினால் பொய்யாகிவிடும்.

பள்ளிக்கூடம் படிக்கும்போது பெரம்பலூர் உத்திராபதியின் இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தாயே, திருவிழா மேடையில் சினிமாப் பாட்டுக்கு நடுவே மெட்டை விட்டுவிட்டு நீயாக எங்கோ போய்விடுவாய். அவர் மைக்கை மூடிக்கொண்டு, "பாப்பா, படத்துல இருக்கறத மட்டும் வாசி, சனம் கல்லெடுக்கும்" என்பார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "படத்துல இருக்கறதுதான் வேணும்னா சி.டி.யப் போட்டுட்டுப் போங்களேன், எம்மவ எதுக்கு?" என்று கேட்டாள். அப்படி வாசிப்பதற்கு ஜாஸ் என்று பெயர் உண்டு என்பது பிற்பாடு சென்னைக் கல்லூரியில்தான் உனக்கே தெரிந்தது.

அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்து உனக்காகக் காத்திருந்தோம். வந்தாய், வாய்க்கரிசி போட்டாய், நாங்கள் சுடுகாட்டிலிருந்து திரும்புவதற்குள் கிளம்பிவிட்டாய். கேத வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது, அதனால்தான் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தேன். ஆனால் நீ முறைக்காக அப்படிப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும் மகளே, பியானோவை மூடி வைக்காதே. உன் குரலைக்கூடக் கேட்காமல் அவள் போனது அதற்காகத்தான்.

உன் கைக்கு ஒரு குறையும் வராமல் நல்லபடியாக இருக்க அம்மாவின் ஆசியும் என் ஆசியும் உண்டு. வேளைக்குச் சாப்பிடு. வருகிற ஆடியில் தலைத்திவசம், டிக்கெட்டை முன்னதாகவே போட்டு வை. கோபத்தோடு வந்தாலும் சரி. அதன்பிறகு இது கேத வீடு இல்லை, கிளம்பும்போது என்னிடம் சொல்லிக்கொண்டு போகலாம்.

உன் அப்பா,
கொளஞ்சி